வேலை திரும்பியிருக்கிறது, நிலைக்குமா?

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

கடந்த சில மாதங்களாக எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு விதமான கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது துவாக்குடியில் ஷெட் வைத்திருக்கும் ஒரு சகோதரர் எங்களை நிறுத்திக் கேட்டார்: "பாய், சும்மா கிடந்த மெஷின் எல்லாம் இப்ப ராத்திரியும் ஓடுது. இன்னொரு கட்டிங் மெஷின் போடலாம்னு இருக்கேன். பைத்துல் மால்ல கர்ளன் ஹஸனா கிடைக்குமா?"

அடுத்த வாரம் ஒரு தாய் வந்தார். மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "அவங்க அத்தா படிப்பை நிறுத்திட்டு வெல்டிங்குக்கு அனுப்பலாங்கறாரு. இப்ப ஆள் கேக்கறாங்களாம், இந்த நேரத்த விட்டா வராதாம். நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான். திருச்சிக்கு வேலை திரும்பியிருக்கிறது. இது நிலைக்குமா? நம்பி முதல் போடலாமா, நம்பிப் படிப்பை விடலாமா? அந்த இரண்டு மனுக்களுக்கும் இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறோம். பதில் சொல்வதற்கு முன் நம் ஊரின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஊரின் வரவு, இன்னொரு ஊரின் செலவு

நாகூர், நாகப்பட்டினம் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. அந்தப் பட்டறையை நம்பி அந்த ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. 1920-களின் கடைசியில் அதைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். 1928-இல் பொன்மலைப் பட்டறை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே முழுவதும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் போன்ற தலைவர்கள் சிறை சென்றார்கள். திருச்சி வளர்ந்தது, நாகப்பட்டினம் தளர்ந்தது. நமக்குக் கிடைத்த முதல் பெரிய தொழிற்சாலையே இன்னொரு ஊர் இழந்த தொழிற்சாலைதான். வந்தது போகவும் கூடும் என்பதை நம் ஊர் தொடக்கத்திலேயே கண்டிருக்கிறது.

பிறகு 1965-இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நம் வாயில் அது 'பெல்'. அடுத்த ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. 1975-இல் பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்தியாவில் எங்கே அனல் மின் நிலையம் கட்டினாலும் அதில் ஒரு துண்டு இரும்பாவது நம் ஊர் வெல்டரின் கை பட்டதாக இருக்கும் என்ற நிலை உண்டானது. பெல்லைச் சுற்றித் துவாக்குடியிலும் அதன் பக்கங்களிலும் நூற்றுக்கணக்கான சிறு ஷெட்டுகள் எழுந்தன. பாய்லரைத் தாங்கும் தூண்கள், உத்திரங்கள், காற்றும் புகையும் போகும் டக்டுகள் ஆகியவற்றை அவை செய்தன. நம் மஹல்லாவிலும் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த ஷெட்டுகளால்தான்.

எப்படி விழுந்தோம்

அதற்கு முன்பே திருச்சி இரண்டு தொழில்களை இழந்திருந்தது. உறையூர்ச் சுருட்டு ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து போனது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில்கூடத் திருச்சிச் சுருட்டின் பெயர் வருகிறது. அதை வாங்கிப் புகைத்த வெள்ளைக்காரர்கள் போனார்கள்; புகைக்கும் பழக்கமும் சிகரெட்டுக்கு மாறியது; தொழில் சுருங்கியது. அடுத்தது கல் பட்டை தீட்டும் தொழில். செயற்கை வைரக் கல்லைக் கையால் பட்டை தீட்டி, திருச்சி, புதுக்கோட்டை கிராமங்களில் வீட்டுக்கு வீடு சக்கரம் சுழன்றது. பெண்களும் அதில் சம்பாதித்தார்கள். சீனாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் இயந்திரத்தில் வெட்டிய கற்கள் மலிவாக வந்தபோது அந்தச் சக்கரங்கள் நின்றன. கை நேர்த்தியில் நம்மவர்கள் குறைந்தவர்கள் அல்லர். ஒரே பொருளை, ஒரே முறையில், ஒரே வகை வியாபாரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வியாபாரி வேறு பக்கம் திரும்பியபோது இவர்களிடம் மாற்று வழி இல்லை.

பாய்லர் தொழிலிலும் அதே கதை நடந்தது, இன்னும் பெரிய அளவில். 2007-க்குப் பிறகு சில ஆண்டுகள் நாடு முழுவதும் மின் நிலையங்கள் கட்டினார்கள். பெல் நிறுவனத்தின் எல்லாத் தொழிற்சாலைகளும் சேர்ந்து 2012-13-இல் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்தன. நம் ஊர் ஷெட்டுகளில் மூன்று ஷிப்டு. வீடு கட்டினோம், கார் வாங்கினோம், கல்யாணங்களைப் பெரிதாகச் செய்தோம்.

பிறகு பல காரணங்கள் ஒன்றாக வந்தன. தனியார் மின் நிறுவனங்கள் வங்கிக் கடனில் மூழ்கின. 2014-இல் உச்ச நீதிமன்றம் 200-க்கும் மேற்பட்ட நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. சீனாவிலிருந்து பாய்லர்கள் வந்திறங்கின. சூரிய மின்சாரத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. புதிய அனல் மின் நிலையங்களுக்கு ஆர்டர் நின்றது. 2015-16-இல் பெல் நஷ்டக் கணக்கு காட்டியது. கொரோனா ஆண்டான 2020-21-இல் அதன் வியாபாரம் சுமார் 17,000 கோடிக்கு இறங்கிவிட்டது. 50-இலிருந்து 17. பெரிய நிறுவனம் அப்படியும் நின்றது. அதன் நிழலில் இருந்த சிறிய ஷெட்டுகளால் நிற்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதைத் தொழிலில் இல்லாதவர்களும் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஷெட்டுகளில் பெரும்பாலானவை செய்தது ஜாப் ஒர்க். இரும்பு வாங்குபவருடையது, வரைபடம் வாங்குபவருடையது. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. நம்முடையது ஷெட்டும் மெஷினும் உழைப்பும் மட்டுமே. பொருளுக்கு நம் பெயர் இல்லை. விலை பேசும் வலிமையும் இல்லை. ஆர்டர் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு, தலைவலி குறைவு. ஆர்டர் நின்றால் மறுநாளே ஷெட்டுக்கு வேலை இல்லை. வங்கித் தவணை மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடும்.

அந்த ஆண்டுகளில் நம் வீடுகளில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மெஷினை எடைக்கு விற்றவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் குறை வராத வெல்டு போடும் கைகள் ஆட்டோ ஓட்டின. பலர் வளைகுடாவுக்குப் போனார்கள். 2020-இல் சிறப்பு விமானங்களில் அவர்களில் பலர் வெறுங்கையோடு திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கியதையும் பார்த்தோம்.

எங்கள் தவறு

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல காலத்தில் எங்கள் பைத்துல் மாலிலிருந்து தொழிலுக்கென்று கொடுத்த வட்டியில்லாக் கடன்களில் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குப் போனது. வெல்டிங் செட், கிரைண்டர், கிரேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். எல்லோரும் நல்லவர்கள், தவணை தவறாதவர்கள். ஆனால் அத்தனை பேருக்கும் படியளந்தது ஒரே வாசல் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அந்த வாசல் அடைத்தபோது எல்லோருடைய தவணையும் ஒரே நேரத்தில் நின்றது. அவர்களிடம் போய்க் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. கேட்டாலும் கொடுக்க அவர்களிடம் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகள் மருத்துவ உதவிக்கு வந்த விதவைத் தாய்மார்களை "அடுத்த மாதம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினோம். அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும். அமானிதத்தை ஒரே கூடையில் வைத்தது எங்கள் பிழை.

இப்போது ஏன் திரும்பியது, எவ்வளவு காலத்துக்கு

இப்போது காற்று மாறியிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு மின்சாரத் தேவை வேகமாக ஏறியது. 2024 மே மாத வெயிலில் நாட்டின் மின் தேவை ஒரு நாளில் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. சூரியன் மறைந்த பிறகு விளக்கு எரிய அனல் மின் நிலையம் இன்னும் தேவை என்று அரசு முடிவெடுத்து, 2031-32-க்குள் சுமார் 80,000 மெகாவாட் புதிய நிலக்கரி மின்திறன் சேர்க்கத் திட்டமிட்டது. அதனால் 2024-25-இல் மட்டும் பெல்லுக்கு 92,000 கோடி ரூபாய்க்கு மேல் புதிய ஆர்டர்கள் வந்தன. துவாக்குடியில் இரவில் தெரியும் வெல்டிங் வெளிச்சத்துக்குக் காரணம் இதுதான்.

வேறு நல்ல செய்திகளும் உண்டு. 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் திருச்சியில் வைத்துத் தொடங்கினார்கள். அதன் ஐந்து மையங்களில் நம் ஊரும் ஒன்று. 2024 ஜனவரியில் புதிய விமான நிலைய முனையம் திறந்தது. 2025-இல் பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம் வந்தது. அங்கேயே டைடல் பூங்காவும் வருகிறது. ஜேபில் என்ற அமெரிக்க மின்னணு நிறுவனம் திருச்சியில் 2,000 கோடி ரூபாய் முதலீடு செய்து 5,000 பேருக்கு வேலை தருவதாக 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒப்பந்தம் வேறு, மாதச் சம்பளம் வேறு. அறிவிப்பை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது.

ஆர்டர் புத்தகத்தைக் கவனியுங்கள். இந்தத் திட்டத்துக்கே 2031-32 என்று ஒரு காலம் குறித்திருக்கிறார்கள். 2070-க்குள் கரிப்புகை வெளியேற்றத்தை நிகர அளவில் பூஜ்யமாக்குவோம் என்று நம் நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிகளும் மலிவாகிக்கொண்டே வருகின்றன. அதனால் நிலக்கரி பாய்லர் வேலை இன்னும் ஆறேழு ஆண்டுகள் நன்றாக இருக்கலாம். அதற்குப் பிறகும் இதே வேகத்தில் இருக்கும் என்று எண்ணிக் குடும்பத்தை நடத்த முடியாது.

ஆறேழு ஆண்டுகள் என்றதும் உங்களுக்கு யூசுஃப் நபி (அலைஹிஸ்ஸலாம்) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்திருக்கும். எகிப்து மன்னரின் கனவுக்கு அவர்கள் சொன்ன விளக்கம் சிறு வயது முதல் நாம் கேட்டதுதான். ஏழு ஆண்டு விளைச்சல், பிறகு ஏழு ஆண்டு பஞ்சம். நாம் அதை ஒரு கனவின் பலனாக மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அதில் ஒரு செயல்திட்டமும் இருக்கிறது. விளைகிற காலத்தில் கடுமையாக உழைக்க வேண்டும். தேவைக்கு மட்டும் உண்ண வேண்டும். மீதியைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்க வேண்டும். கதிரில் இருக்கும் தானியம் கெடாது, நாளைக்கு விதையாகவும் ஆகும். பஞ்சம் வருமா வராதா என்று விவாதித்துக்கொண்டிருக்காமல், வரும் என்று எடுத்துக்கொண்டு நல்ல ஆண்டுகளை நடத்தினார்கள். அதனால்தான் அந்த நாடு பிழைத்தது. அக்கம்பக்கத்து நாட்டவரும் அங்கே வந்து தானியம் பெற்றார்கள்.

நிலைத்தவை எவை, விழுந்தவை எவை

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. கோலார் தங்கவயலைப் பாருங்கள். தமிழ்த் தொழிலாளர்கள் நூறாண்டுக்கு மேல் தோண்டிய சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். அந்த ஊர் பெரும்பாலும் சுரங்கத்தையே நம்பியிருந்தது. இன்றும் அங்குள்ளவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் கார்த் தொழிலின் தலைநகரம். 1950-இல் அங்கே சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். தொழிற்சாலைகள் வெளியேற, 2013-இல் நகராட்சியே திவாலானது. 2020-இல் மக்கள்தொகை சுமார் 6.4 லட்சம். இப்போது மெல்ல எழுகிறது. 2023-இல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக மக்கள்தொகை சற்றே கூடியது. அந்த நகரத்தால் சூழப்பட்ட ஹாம்ட்ராம்க் என்ற சிற்றூரில், போலந்துக்காரர்கள் விட்டுப்போன தெருக்களில் வங்கதேசத்து முஸ்லிம்களும் யேமன் முஸ்லிம்களும் வந்து குடியேறினார்கள். மளிகை, பேக்கரி, துணிக்கடை என்று சிறு சிறு கடைகளைத் திறந்து அந்தத் தெருக்களில் விளக்கேற்றினார்கள். பெரிய தொழிற்சாலை திரும்பி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நம் பக்கத்தில் கோயம்புத்தூர். அங்கேயும் பஞ்சாலைகள் பல மூடின. ஆனால் அங்கே பம்பு செய்பவர் ஒருவர், மோட்டார் செய்பவர் ஒருவர், வார்ப்படம் ஊற்றுபவர் ஒருவர், கிரைண்டர் செய்பவர் ஒருவர் என்று நூறு விதமான முதலாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆயிரம் விதமான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒன்று விழுந்தபோது மற்றவை தாங்கின.

அவ்வளவு தூரம் போவானேன், பொன்மலையே இருக்கிறது. நீராவி எஞ்சினுக்காகக் கட்டிய பட்டறை அது. நீராவி போனது. டீசல் எஞ்சினைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். சரக்கு வேகன்கள் செய்தார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் தேவைப்பட்டபோது அதையும் புதிதாகச் செய்துகாட்டினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அந்தப் பட்டறை நிற்பதற்குக் காரணம், அங்கே கைத்திறனை விடாமல் வைத்துக்கொண்டு செய்யும் பொருளை மாற்றிக்கொண்டே வந்ததுதான்.

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பூ, பாத்திரம், வளையல், வாழைப்பழம், சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி என்று ஆயிரம் சிறு கைகளில் அந்தத் தீவின் வரும்படி பிரிந்து கிடக்கிறது. எந்த ஒரு கடை மூடினாலும் தெரு மூடுவதில்லை. காந்தி மார்க்கெட்டும் அப்படித்தான். அங்கே ஒரு வியாபாரிக்கு ஒரே வாடிக்கையாளர் என்ற பேச்சே இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் எங்களுக்குப் புரிந்தது இதுதான். இந்த மீட்சியைக் கொண்டுவந்தது ஒரு வாசல். அதை நிலைக்கவைக்க ஒரு வாசல் போதாது. வரும் ஆறேழு ஆண்டு வருமானத்தில் இரண்டாவது வாசலைத் திறந்துகொள்ளும் குடும்பத்துக்கு இது நிலைக்கும். வருவதையெல்லாம் உண்டு முடிக்கும் குடும்பத்துக்கு 2014 திரும்ப வரும்.

எங்கள் பதில்கள்

முதலில் ஷெட் வைத்திருக்கும் சகோதரருக்கு. நீங்கள் கேட்டபடி கட்டிங் மெஷினுக்குக் கடன் கொடுக்க எங்களால் இயலாது. மனவருத்தம் வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். இப்போதுள்ள ஆர்டர் முழுவதும் ஒரே இடத்துக்குப் போகிறது. அந்த இடத்துக்காகவே இன்னொரு மெஷின் போட்டால் நீங்களும் பழைய இடத்தில் நிற்பீர்கள், பைத்துல் மாலும் பழைய இடத்தில் நிற்கும். இரண்டாவது வாடிக்கையாளர் ஒருவரைக் கொண்டு வாருங்கள். ரயில் பாலத்துக்கு கர்டர், மெட்ரோவுக்கு இரும்பு வேலை, சூரியத் தகடுகளைத் தாங்கும் சட்டம், அரிசி ஆலைக்கும் உணவுத் தொழிலுக்கும் சிறிய பாய்லர், எதுவாகவும் இருக்கட்டும். அந்த வேலைக்குத் தேவையான கருவிக்கும், அதற்கான தரச் சான்றுக்கும் முதல் கடன் உங்களுக்குத்தான், இன்ஷா அல்லாஹ்.

அதற்கிடையில் ஒரு காரியம் செய்யுங்கள். உத்யம் பதிவு இல்லாமல் ஷெட் நடத்துபவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். அந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். பதிவும் ரசீதும் இல்லாதவர் அந்தச் சட்டத்தின் துணையைக் கேட்க முடியாது. எங்கள் அலுவலகத்தில் பதிவுக்கு உதவி செய்கிறோம். ஆதாரும் பான் அட்டையும் கொண்டு வாருங்கள்.

அந்தத் தாய்க்கும், வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும் அவருடைய கணவருக்கும். அத்தா தவறாக நினைக்கவில்லை. வருமானம் இல்லாத ஆண்டுகளைப் பார்த்தவர். வேலையைக் கண்டதும் கை நீளத்தான் செய்யும். ஆனால் இன்னும் ஓர் ஆண்டில் கைக்கு வரப்போகும் டிப்ளமோ, ஏழு ஆண்டுக்குப் பிறகும் பையனிடம் இருக்கும். ஆர்டர் அப்போது இருக்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பையன் படிப்பை முடிக்கட்டும். மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். விடுமுறையில் ஷெட்டுக்குப் போய்ப் பழகட்டும். வெல்டிங் கற்பது நல்லது. படிப்பை விட்டுவிட்டுக் கற்பதுதான் நஷ்டம்.

ஏற்கனவே வேலையில் இருக்கும் வெல்டர், ஃபிட்டர் தம்பிகளுக்கு. உங்கள் கைத்திறன் உங்கள் சொத்து. அதற்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஊர் மாறும்போது அதன் மதிப்பு பாதியாகிவிடும். ஓவர்டைம் காசு வரும் இந்த நாட்களிலேயே சான்றிதழ்த் தேர்வை எழுதுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். ஷெட் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: கூலியை வியர்வை உலரும் முன் கொடுப்பது மட்டும் கடமை அல்ல, தொழிலாளியின் நாளைக்கும் ஒரு பங்கு எடுத்துவைப்பது உங்கள் பொறுப்பு.

தாய்மார்களுக்கு. கல் பட்டை தீட்டிய காலத்தில் வீட்டில் இரண்டு வருமானம் இருந்தது. அது நின்ற பிறகு பல வீடுகளில் ஒன்றாகிவிட்டது. இரண்டாவது வாசல் பல நேரங்களில் உங்கள் கையில்தான் இருக்கிறது. வாழை ஆராய்ச்சிக்கென்று தேசிய மையமே நம் ஊரில் இருக்கிறது. வாழையிலிருந்து மாவு, சிப்ஸ், நார்ப் பொருட்கள் என்று எத்தனையோ செய்யலாம். தையல், உணவு, டியூஷன், கணக்கு எழுதுவது, எதைத் தொடங்கினாலும் சிறிய தொகைக் கடன்களில் இந்த ஆண்டு முதல் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்குகிறோம்.

கடைசியாக, கொடுக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு. ஒரு அன்ஸாரித் தோழர் உதவி கேட்டு வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டு, ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். கோடரிக்குத் தங்கள் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து விறகு வெட்ட அனுப்பினார்கள். ஒன்று உணவுக்கு, ஒன்று கருவிக்கு. நம் ஸகாத்தும் ஸதகாவும் பெரும்பாலும் உணவோடு நின்றுவிடுகின்றன. ரமழானில் அரிசி மூட்டை கொடுக்கிறோம். அடுத்த ரமழானில் அதே குடும்பம் அதே வரிசையில் நிற்கிறது. இனி உதவித் தொகையில் ஒரு பங்கு கருவிக்கும் கல்விக்கும் போகட்டும்.

1951-இல் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் சேர்ந்து ஜமால் முஹம்மது கல்லூரியைத் தொடங்கினார்கள். வியாபாரத்தில் சம்பாதித்த பெரியவர்கள் அவர்கள். அவர்கள் காலத்து வியாபாரங்களில் எத்தனையோ இன்று இல்லை. கல்லூரி இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் படிக்கட்டில் ஏறித்தான் முதல் சம்பளம் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நல்ல ஆண்டுகளின் தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைப்பது என்றால் அதுதான்.

"ரிஸ்க்கைக் கொடுப்பவன் அல்லாஹ், நாம் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். கொடுப்பவன் அவனே, சந்தேகம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் நம் மார்க்கம்தான். ஆகவே ஒரு சிறிய வேண்டுகோளோடு முடிக்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நம் வீட்டுக்கு வரும் பணம் எத்தனை வாசலில் இருந்து வருகிறது? அதில் ஒன்று அடைத்தால் எத்தனை மாதம் தாங்குவோம்? விடை மூன்று மாதத்துக்குக் குறைவு என்றால், இந்த ஆண்டு கல்யாணச் செலவையும் வீட்டு மாடியையும் சற்றுத் தள்ளிவைத்து, முதலில் ஆறு மாதச் செலவைச் சேர்த்துவையுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் அந்தத் தாளோடு அலுவலகத்துக்கு வாருங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எங்களில் ஒருவர் இருப்போம்.

துவாக்குடியில் எரியும் இந்த வெளிச்சத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அது குறையும் நாள் வந்தாலும் நம் பிள்ளைகள் கையேந்தாத நிலையை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.